முடிவு தெரிந்த போட்டியை ஏன் பார்க்க வேண்டும்?

 

இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். படகுக்கு நிற்கிற நேரத்தில் என்றாலும் முழுவதையும் வாசித்துவிடுங்கள்.

வலயமட்ட விளையாட்டுப் போட்டிகளுக்குப் பெயர் கொடுக்கும் காலம் வந்துவிட்டது. பெண் பிள்ளைகளின் வலைப்பந்தாட்ட அணியைக் கொண்டு போவதா விடுவதா என்ற கதை இந்த வருசமும் தொடங்கியிருக்கிறது. போன கிழமை குறிகட்டுவான் இறங்குதுறையில் ஒரு பெரியவர் எங்களிடம் நேராகவே கேட்டார்: "சேர், ஒவ்வொரு வருசமும் அந்தப் பெரிய பள்ளிக்கூடம்தானே வெல்லுது. முடிவு தெரிஞ்ச மச்சுக்குப் பிள்ளையளை ஏன் கடல் தாண்டிக் கொண்டு போறியள்? பாக்கிற எங்களுக்கே அலுப்பாக் கிடக்கு."

அவர் கேட்டதில் பிழை இல்லை. ஒரே அணி எப்போதும் வென்றுகொண்டிருந்தால் பார்க்கச் சுவையிருக்குமா? இந்தக் கேள்வியை எங்களுக்கு முன்பே உலகம் கேட்டிருக்கிறது. அதற்கு வரலாறு சொன்ன பதிலைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முதலில் எங்கள் நாட்டுக் கதை.

வலைப்பந்தாட்டம் கூடைப்பந்தாட்டத்தின் பிள்ளை. 1891 இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற உடற்பயிற்சி ஆசிரியர், குளிர்காலத்தில் மண்டபத்துக்குள் விளையாட ஒரு விளையாட்டு வேண்டுமென்று இரண்டு பழக்கூடைகளை உயரத்தில் கட்டித் தொடங்கியது கூடைப்பந்தாட்டம். அடுத்த வருசமே அங்குள்ள பெண்கள் கல்லூரியொன்றில் மாணவிகள் அதை ஆடத் தொடங்கினார்கள். இங்கிலாந்துக்குப் போன அந்த விளையாட்டு, பெண்களுக்கென்று மாற்றப்பட்டு வலைப்பந்தாட்டமாகி, ஆங்கிலேயர் ஆண்ட நாடுகளின் பாடசாலைகளுக்கெல்லாம் பரவியது. நாட்டுக்கு நாடு விதிகள் வேறாக இருந்தன. அவற்றை ஒன்றாக்குவதற்காக 1960 இல் பல நாட்டுப் பிரதிநிதிகள் கூடிய இடம் எங்கள் இலங்கைதான். 1963 இல் இங்கிலாந்தில் நடந்த முதல் உலகப் போட்டியிலும் இலங்கை ஆடியது.

ஆசியாவைப் பொறுத்தவரை "எப்போதும் வெல்லுகிற அணி" என்றால் அது நாங்கள்தான். ஆசிய வலைப்பந்தாட்டக் கிண்ணத்தை இலங்கைப் பெண்கள் 1989, 1997, 2001, 2009, 2018, 2022 ஆகிய ஆறு தடவைகள் வென்றிருக்கிறார்கள். கடைசி மூன்று வெற்றிகளிலும் யாழ்ப்பாணத்துப் பிள்ளை தர்ஜினி சிவலிங்கம் இருந்தார். 208 சென்ரிமீற்றர் உயரம். உலகிலேயே மிக உயரமான வலைப்பந்தாட்ட வீராங்கனை என்று பெயர் பெற்றவர். போர் முடிந்த அதே 2009 இல் ஒரு தமிழ்ப் பிள்ளை இலங்கைச் சீருடையில் கிண்ணம் வென்றது அன்று எத்தனை பேருக்கு ஆறுதலாக இருந்தது என்பதை நாங்கள் சொல்லத் தேவையில்லை.

2022 செப்ரெம்பர் 11 நினைவிருக்கிறதா? மண்ணெண்ணெய் இல்லாமல் எங்கள் வள்ளங்கள் கரையில் கிடந்த வருசம். அன்றிரவு துபாயில் இலங்கை ஆண்கள் பாகிஸ்தானை வென்று ஆசியக் கிண்ணக் கிரிக்கெற்றைத் தூக்கினார்கள். அதே நாளில்தான் சிங்கப்பூரில் எங்கள் பெண்களும் ஒரு போட்டியிலும் தோற்காமல் ஆசிய வலைப்பந்தாட்டக் கிண்ணத்தைத் தூக்கினார்கள். வெடி கொளுத்தியது எந்தக் கிண்ணத்துக்கு என்று நாங்கள் எல்லோரும் எங்களையே கேட்டுக்கொள்ளலாம்.

தர்ஜினி ஆடுவதைப் பார்த்தவர்கள் சிலர் சொல்லுவார்கள்: "இதில என்ன இருக்கு? வளையத்துக்குக் கீழ நிக்கிறா, உயரத்தில பந்து வருது, பிடிக்கிறா, போடுறா." 2019 இல் லிவர்பூலில் நடந்த உலகக் கிண்ணத்தில் இலங்கை சிங்கப்பூரை 88-50 என்று வென்ற போட்டியில் அவர் 78 தடவை எறிந்து 76 தடவை வளையத்துக்குள் போட்டார். வளையத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் ஒரே காட்சி 76 தடவை. அலுப்பு வரத்தான் செய்யும்.

அதனால் பிள்ளைகளுக்கு நாங்கள் சொல்லிக்கொடுப்பது இதுதான்: வளையத்தை விட்டுவிட்டு நடு மைதானத்தைப் பாருங்கள். இந்த விளையாட்டில் பந்தைத் தட்டிக்கொண்டு ஓட முடியாது. கையில் பந்து வந்தால் மூன்று செக்கனுக்குள் விட்டாக வேண்டும். ஏழு பேரில் இரண்டு பேர் மட்டுமே கோல் போடலாம். கோல் போட்ட பிறகு பந்து யாருக்கு என்பதும் முறைப்படிதான். இந்த முறை நீங்கள், அடுத்த முறை நாங்கள் என்று நடு வட்டத்திலிருந்து மாறி மாறித் தொடங்க வேண்டும். ஆகவே, முன்னுக்கு நிற்கிற அணி தன் முறைப் பந்தை ஒவ்வொரு தடவையும் காப்பாற்றியே ஆக வேண்டும். அந்த 76 பந்துகளும் தானாக மேலே போகவில்லை. மறிக்கிறவள் முன்னுக்குப் பாயப் போகிறாளா, பின்னுக்கு நிற்கப் போகிறாளா என்று ஒரு நொடியில் கணித்து, அவள் கைக்கு எட்டாமலும் தர்ஜினியின் கைக்கு எட்டும்படியும் எறிந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களின் பெயர்கள் எங்களுக்குத் தெரியாமல் போனது விளையாட்டின் பிழை அல்ல.

இனி அமெரிக்காவுக்குப் போவோம். அங்கே பல்கலைக்கழகக் கூடைப்பந்தாட்டம் நாடு முழுவதும் பார்க்கும் பெரிய விளையாட்டு. பெண்கள் பிரிவில் கனெக்டிகட் பல்கலைக்கழக அணி 2013 முதல் 2016 வரை தொடர்ந்து நான்கு வருசம் தேசியக் கிண்ணம் வென்றது. 2014 முதல் 2017 வரை தொடர்ச்சியாக 111 போட்டிகளில் தோற்கவேயில்லை. 2016 மார்ச்சில் மிசிசிப்பி ஸ்ரேற் பல்கலைக்கழகத்தை 98-38 என்று, 60 புள்ளி வித்தியாசத்தில் வென்றது. அன்று பொஸ்ரன் நகரத்துப் பத்திரிகையாளர் ஒருவர், இந்த அணி பெண்கள் விளையாட்டையே கொல்கிறது, இனிப் பார்க்கமாட்டேன் என்ற கருத்தில் எழுதினார். பெரிய விவாதம் நடந்தது. எங்கள் இறங்குதுறைப் பெரியவர் கேட்டதும் அதே கேள்விதான்.

ஆண்கள் வென்றால் இப்படிச் சொல்கிறோமா? கலிபோர்னியாவின் யூசீஎல்ஏ பல்கலைக்கழக ஆண்கள் அணி 1967 முதல் 1973 வரை தொடர்ந்து ஏழு வருசம் கிண்ணம் வென்றது. அதை இன்றும் பொற்காலம் என்கிறார்கள். எங்கள் வாப்பாமார் வானொலியில் கேட்ட மேற்கிந்தியத் தீவுகள் கிரிக்கெற் அணி 1980 முதல் 1995 வரை ஒரு ரெஸ்ற் தொடரிலும் தோற்கவில்லை. எங்கள் ஊரில் யாராவது அலுப்பென்று வானொலியை நிற்பாட்டினார்களா? ஆண்களின் தொடர் வெற்றிக்குப் பெயர் பெருமை, பெண்களின் தொடர் வெற்றிக்குப் பெயர் சலிப்பு. இந்த அளவுகோலை முதலில் கீழே வைக்க வேண்டும்.

ஆனாலும் ஒன்றை ஒத்துக்கொள்கிறோம். 98-38 என்ற போட்டி பார்க்கச் சுகமானதல்ல, தோற்கிற பிள்ளைகளுக்கு இன்னும் கஷ்டம். ஆனால் அந்த இடைவெளி எங்கிருந்து வருகிறது? அமெரிக்காவில் பாடசாலைகளிலும் பல்கலைக்கழகங்களிலும் ஆண்-பெண் பாகுபாடு கூடாது என்ற சட்டம் வந்ததே 1972 இல்தான். அதற்குப் பிறகு சில பல்கலைக்கழகங்கள் பெண்கள் அணிக்கு நல்ல பயிற்றுநரையும் மைதானத்தையும் கொடுத்தன, பல காலம் தாழ்த்தின. இங்கேயும் அப்படித்தான். ஒரு பள்ளிக்கூடத்தில் சீமெந்து மைதானம், விடுதி, பயிற்றுநர். இன்னொன்றில் மணல் தரை, இரண்டு கம்பம், ஒரு பந்து. மேல் வகுப்புகளில் ஏழு பெண் பிள்ளைகளைச் சேர்ப்பதே பாடு. நெடுந்தீவிலிருந்து வருகிற பிள்ளை விடியப் படகேறி, கடல் பொங்கினால் சத்தியெடுத்துக்கொண்டு வந்து மைதானத்தில் இறங்குகிறாள். இந்த இடைவெளிக்கு வெல்லுகிற பிள்ளைகளைக் குறை சொல்வது முறையல்ல. அவர்கள் தங்கள் வேலையைச் செய்கிறார்கள். குறையைச் சொல்ல வேண்டிய இடம் மைதானம் போடாத இடம், பயிற்றுநர் அனுப்பாத இடம். எங்கள் பிள்ளையை அனுப்பாத எங்கள் வீடும் அதில் ஒன்று.

இப்போது அந்த 60 புள்ளியால் தோற்ற மிசிசிப்பி ஸ்ரேற் அணிக்கு என்ன நடந்தது என்று பாருங்கள்.

அவர்கள் வீட்டில் இருந்துவிடவில்லை. ஏறக்குறைய ஒரு வருசம் கழித்து, 2017 மார்ச் 31 அன்று தேசிய அரையிறுதியில் அதே கனெக்டிகட் அணியோடு மீண்டும் மோதினார்கள். போட்டி சமநிலையாகி மேலதிக நேரத்துக்குப் போனது. கடைசி மணி அடிக்கும்போது மோர்கன் வில்லியம் என்ற, மைதானத்திலேயே மிகக் குள்ளமானவர்களில் ஒருத்தியான 5 அடி 5 அங்குலப் பிள்ளை எறிந்த பந்து உள்ளே போனது. 66-64. 111 வெற்றிகளின் தொடர் அந்த ஒரு பந்தோடு முடிந்தது. அதற்குப் பிறகு கனெக்டிகட் அடுத்த தேசியக் கிண்ணத்தைத் தொட 2025 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

111 வெற்றி இல்லாவிட்டால் அந்தக் கடைசிப் பந்துக்கு அவ்வளவு பெறுமதி இருந்திருக்காது. 2024 இலும் இதைக் கண்டோம். ஒரு போட்டியிலும் தோற்காத தென் கரோலினா அணியும், கெய்ற்லின் கிளார்க் ஆடிய அயோவா அணியும் மோதிய பெண்கள் இறுதிப் போட்டியை அமெரிக்காவில் ஒரு கோடியே 80 இலட்சத்துக்கும் அதிகமானோர் பார்த்தார்கள். அந்த வருசத்து ஆண்கள் இறுதிப் போட்டியைப் பார்த்தவர்களை விட அது அதிகம். தோற்காத அணி தோற்குமா என்று பார்க்கத்தான் உலகம் வந்து உட்காருகிறது.

எங்கள் ஆசியக் கதையும் இப்படித்தான் போனது. சிங்கப்பூரை எடுங்கள். 2018 ஆசிய இறுதியில் எங்களிடம் 69-50 என்று தோற்றார்கள். 2019 உலகக் கிண்ணத்தில் 88-50. 2022 ஆசிய இறுதியில் 63-53. 38 கோல் வித்தியாசம் மூன்றே வருசத்தில் 10 ஆனது. 2024 இல் பெங்களூரில் நடந்த இறுதியில் சிங்கப்பூர் எங்களை 67-64 என்று வென்றுவிட்டது. எங்களுக்கு வருத்தம்தான். ஆனால் நாலைந்து வருசம் தோற்றுத் தோற்று அந்தப் பிள்ளைகள் என்ன படித்தார்கள் என்பது இந்த எண்களில் தெரிகிறது.

இலங்கை அணியும் அப்படிப் படித்ததுதான். ஆசியாவில் முதலாம் இடத்தில் இருந்துகொண்டு போன 2019 உலகக் கிண்ணத்தில் 16 அணிகளில் எங்கள் இடம் 15. ஒரு மைதானத்தில் "எப்பவும் வெல்லுறவை" என்று பெயர் எடுத்தவர்கள் இன்னொரு மைதானத்தில் எப்போதும் தோற்கிறவர்கள். அதற்காக அவர்கள் போகாமல் விடவில்லை. 2023 வரை நடந்த 16 உலகக் கிண்ணங்களில் 12 இல் அவுஸ்திரேலியாவின் பெயர் இருக்கிறது. ஆனால் அதே அவுஸ்திரேலியா 2019 இறுதியில் நியூசிலாந்திடம் 52-51 என்று ஒரு கோலால் தோற்றது.

எங்கள் சமூகத்தில் இன்னொரு தயக்கமும் இருப்பது எங்களுக்குத் தெரியும்: உடை. தலையை மறைத்து, கை கால் மூடிய உடையோடு மலேசிய, புரூணைப் பெண்கள் சர்வதேச வலைப்பந்தாட்டம் ஆடுகிறார்கள். சர்வதேசக் கூடைப்பந்தாட்டச் சம்மேளனமும் தலையை மறைப்பதற்கு இருந்த தடையை 2017 இல் நீக்கிவிட்டது. கதவு திறந்திருக்கிறது. பிள்ளை உள்ளே போவது எங்கள் கையில்.

ஆகவே அந்தப் பெரியவருக்கு எங்கள் பதில் இது. ஐயா, முடிவு தெரிந்த போட்டி என்று நீங்கள் சொல்வது இந்த வருசத்து முடிவை. நாங்கள் பிள்ளைகளைக் கொண்டுபோவது நாலு வருசத்துக்குப் பிறகு வரப்போகிற முடிவுக்காக. போன முறை 30 கோலால் தோற்றிருந்தால் இந்த முறை 20 ஆகட்டும். அதைக் கணக்கு வைக்க ஒரு கொப்பி வாங்கியிருக்கிறோம். எங்கள் பிள்ளைகள் போகாவிட்டால் வெல்லுகிற அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும் ஆட ஆளிருக்காது. அலுப்பு உண்மையில் தொடங்குவது அங்கேதான்.

பயிற்சி கிழமையில் மூன்று நாள், அஸருக்குப் பிறகு, பள்ளிக்கூட மைதானத்தில். மஃரிபுக்கு முன் பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள். உம்மாமார், வாப்பாமார், அயலில் உள்ள அம்மாமார், ஐயாமார் எல்லோரும் ஒரு நாளாவது வந்து பாருங்கள். வரும்போது வளையத்தைப் பார்க்காதீர்கள், நடு மைதானத்தைப் பாருங்கள். பழைய பந்து ஒன்று வீட்டில் கிடந்தால் அதையும் கொண்டுவாருங்கள். எங்களிடம் இருப்பது ஒன்றுதான், அதற்கும் காற்று நிற்பதில்லை.