உப்புக்காத்தும் சைக்கிள் கடையும்

சைக்கிளின் வரலாற்றை யார் எழுதினாலும் கதை ஒரே மாதிரிதான் போகும். 1885-ல் இங்கிலாந்தின் கவென்ட்ரியில் ஸ்டார்லி செய்த 'ரோவர்'. 1888-ல் கால்நடை மருத்துவர் டன்லப் பேடண்ட் வாங்கிய காற்று டயர். அப்புறம் கம்பெனிகள், முதலாளிகள், பந்தயங்கள். காற்று டயர் பிறந்த அன்றைக்கே பஞ்சரும் பிறந்திருக்கும் இல்லையா? அதை ஒட்டியவரைப் பற்றி ஒரு வரி கூடக் கிடைக்காது.

குயிலாப்பாளையம் பக்கத்தில் நல்ல சைக்கிள் கடை எது என்று எங்கள் கிளாஸில் ரெண்டு மூணு பேர் கேட்டுவிட்டார்கள். கடையின் பெயரைச் சொன்னால் ஒரு வரியில் முடிந்துவிடும். ஆனால் கடை இன்றைக்கு இருக்கும், நாளைக்கு மொபைல் கடையாகிவிடும். எது நல்ல கடை என்று கண்டுபிடிக்கத் தெரிந்தால் எந்த ஊரிலும் பிழைத்துக்கொள்ளலாம். அதற்குக் கொஞ்சம் பழைய கதை தெரிய வேண்டும். பி.காம் படிக்கிறவன் எழுதுவதால் நடுநடுவே கணக்கு வரும், பொறுத்துக்கொள்ளுங்கள் :-)

முதலில் உப்பு. நம் ஊரிலிருந்து வடக்கே சுமார் 30 கிலோமீட்டர் போனால் மரக்காணம் அளங்கள். சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் இந்த மரக்காணம்தான் என்று சொல்லும் அறிஞர்கள் உண்டு. பக்கிங்காம் கால்வாய் தெற்கே வந்து முடிவதும் இங்கேதான். கால்வாய்க்கெல்லாம் முன்னால் உப்பு உள்நாட்டுக்குப் போனது உமணர்களின் மாட்டு வண்டியில். புறநானூற்றின் 102-ஆம் பாட்டில் ஔவையார் இந்த வண்டிகளைக் காட்டுகிறார். மேடு பள்ளத்தில் அச்சு முறிந்தால் என்ன செய்வது என்று உமணர்கள் வண்டிக்கு அடியிலேயே இன்னொரு அச்சைக் கட்டி எடுத்துப்போவார்களாம். சேம அச்சு. அதியமானின் மகன் பொகுட்டெழினியை ஔவையார் அந்த உபரி அச்சுக்குத்தான் ஒப்பிடுகிறார். ஓர் அரசகுமாரனைப் புகழ ஸ்பேர் பார்ட்ஸை உவமையாகச் சொன்ன பாட்டு வேறு மொழியில் இருக்குமா தெரியாது. வழியில் வண்டி நின்றுபோனால் என்ன ஆகும் என்ற பயம் இந்தக் கரைக்குப் புதுசு இல்லை என்பதற்காகச் சொன்னேன்.

சைக்கிள் மெட்ராஸ் மாகாணத்துக்கு வந்தது கப்பலில். ராலே நாட்டிங்ஹாமிலிருந்து வந்தது, ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ., பிலிப்ஸ் மூன்றும் பர்மிங்ஹாமிலிருந்து. பி.எஸ்.ஏ. என்றால் பர்மிங்ஹாம் ஸ்மால் ஆர்ம்ஸ். அடிப்படையில் துப்பாக்கி கம்பெனி. அதன் முத்திரையில் மூன்று துப்பாக்கிகள் சாய்ந்து நிற்பதை நம்மில் எத்தனை பேர் கவனித்திருக்கிறோம்? ஆரம்பத்தில் வெள்ளைக்காரர்கள், பிறகு வக்கீல், வாத்தியார், போஸ்ட்மேன், போலீஸ்காரர் என்று மெதுவாகக் கீழே இறங்கியது. சுதந்திரத்துக்குப் பிறகு 1949-ல் முருகப்பா குடும்பமும் பர்மிங்ஹாமின் ட்யூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கின. அம்பத்தூரில் ஹெர்குலிஸ் தயாராக ஆரம்பித்தது. 1951-ல் சோனிபத்தில் அட்லஸ், 1956-ல் லூதியானாவில் ஹீரோ. 1986-ல் உலகிலேயே அதிக சைக்கிள் செய்யும் கம்பெனி என்று ஹீரோ கின்னஸில் ஏறியது. அட்லஸின் கடைசித் தொழிற்சாலை 2020 ஜூன் 3 அன்று மூடப்பட்டது. அன்றைக்கு உலக சைக்கிள் தினம் என்பது கொடுமையான தற்செயல்.

இதெல்லாம் முதலாளிகளின் கதை. கிராமத்துக்குள் சைக்கிளைக் கொண்டுவந்தது தொழிற்சாலை அல்ல, வாடகை சைக்கிள் கடை. ஒரு கூலிக்காரர் முழு சைக்கிளை ரொக்கமாக வாங்க முடியாத காலத்தில் மணிக்கு இத்தனை காசு என்று வாடகைக்கு எடுக்க முடிந்தது. ஆஸ்பத்திரி, சந்தை, சினிமா, பொண்ணு பார்க்கப் போவது, எல்லாம் வாடகை சைக்கிளில்தான். ராசி அழகப்பனின் 'சைக்கிள்' சிறுகதையை வைத்துக் கமலக்கண்ணன் எடுத்து 2024-ல் வந்த 'குரங்கு பெடல்' படத்தைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பாருக்கு நடுவே காலை விட்டு ஓட்டிப் பழகின தலைமுறை முழுவதும் வாடகை நோட்டில் பெயர் எழுதித்தான் பழகியது.

இங்கேதான் நான் சொல்ல நினைத்த கணக்கு வருகிறது. வாடகைக் கடைக்காரர் பழுது பார்த்தது தன் சொந்த வண்டியை. பஞ்சரைச் சரியாக ஒட்டவில்லை என்றால் மறுநாள் வாடகை போச்சு. காட்டர் பின் லூஸாக இருந்தால் கிராங்க் தேய்ந்துபோகும், அந்தச் செலவும் அவர் தலையில். அதாவது மோசமான வேலையின் நஷ்டம் வேலை செய்தவருக்கே. இதைவிடக் கறாரான தரக் கட்டுப்பாடு எந்த மேனேஜ்மென்ட் புத்தகத்திலும் இல்லை. அந்தப் பட்டறையில் சின்னப் பையனாகச் சேர்ந்தவர்கள்தான் ஊர் ஊராகப் போய் நல்ல மெக்கானிக் ஆனார்கள். வாடகை வருமானம் கடை வாடகையைக் கட்டியது, ரிப்பேர் கைச்செலவுக்கு ஆனது. 1980-ல் டி.வி.எஸ். 50 வந்தது, பின்னாடியே தவணை முறையும் மினி பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும் வந்தன. வாடகை சைக்கிள் காணாமல் போனது. ரிப்பேரை மட்டும் நம்பி ஒரு கடை நிற்க முடியாது. நம் பக்கத்துப் பழைய சைக்கிள் கடைகள் பலவும் பைக் பஞ்சர் கடையானதற்கு இதுதான் காரணம் என்பது என் எண்ணம். புதுச்சேரியில் டூரிஸ்ட்டுகளுக்கு நாள் வாடகைக்கு விடும் கடைகள் மட்டும் மிச்சம். அது வேறு வியாபாரம்.

இன்னொரு வருமானம் 'பிட்டிங்'. சைக்கிள் முழுசாகக் கடைக்கு வருவதில்லை, பாகம் பாகமாக வருகிறது. கடையில்தான் பூட்டுகிறார்கள். பழைய ரோட்ஸ்டர் வண்டிக்கு முன் சக்கரத்தில் 32 கம்பி, பின் சக்கரத்தில் 40. பாரம் பின்னாடிதானே ஏறுகிறது! அத்தனை கம்பியையும் ஒரே இழுப்பில் நிற்க வைத்துக் கோட்டம் எடுப்பதுதான் வேலையின் உயிர். கோட்டம் எடுக்காமல் பூட்டிய வண்டி ஆறு மாதத்தில் கம்பிகளை ஒவ்வொன்றாக உடைத்துக்கொள்ளும். கம்பெனி பெயர் எதுவாக இருந்தாலும் வண்டியின் தலையெழுத்து பூட்டியவர் கையில்.

இப்போது புதுக்கோட்டைக்குப் போவோம். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதே அந்த ஊர்தான். 1991-ல் அங்கே அறிவொளி இயக்கம் நடந்தபோது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்து கற்றுக்கொடுக்கும் இயக்கத்துக்குள் சைக்கிளையும் சேர்த்தார். எழுதப் படிக்கத் தெரிந்தால் மட்டும் போதாது, பெண்கள் நாலு ஊர் போய் வர முடிய வேண்டும் என்பது காரணம். வங்கிகளிடம் பேசிப் பெண்களுக்குச் சைக்கிள் கடன் வாங்கித் தரச் செய்தார். கல் குவாரித் தொழிலாளிகள், விவசாயக் கூலிகள், அங்கன்வாடிப் பணியாளர்கள், ஆசிரியைகள் என்று எல்லோரும் பழகினார்கள். ஆண்கள் கேலி பேசினார்கள், அசிங்கமாகவும் பேசினார்கள். அறிவொளித் தொண்டர் ஒருவர் சைக்கிள் கற்றுக்கொள்ளச் சொல்லிப் பாட்டே எழுதினார். 1992-ல் மகளிர் தினத்தை ஒட்டி 1500-க்கும் மேற்பட்ட பெண்கள் கைப்பிடியில் கொடி கட்டி, மணி அடித்துக்கொண்டு புதுக்கோட்டை வீதிகளில் ஊர்வலம் போனார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் 1996-ல் வந்த தன் புத்தகத்தில் இதை எழுதி உலகம் முழுக்கத் தெரியவைத்தார். லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் பழகினார்கள் என்பது அவர் தரும் கணக்கு.

அவர் சொல்லும் ஒரு சின்ன விவரம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தது. ஆனால் பல பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிளையே விரும்பி எடுத்தார்களாம், முன்னால் இருக்கும் பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பதற்காக. கம்பெனி பெண்களுக்காக யோசித்து எடுத்துவிட்ட பாரை, அந்தப் பெண்களே கேட்டு வாங்கினார்கள். பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரம் மிச்சம், விளைந்ததை அக்கம்பக்கத்து ஊர்களில் விற்க முடிந்தது, வருமானம் கூடியது. வீட்டு ஆம்பளை வந்து கூட்டிப்போகட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. கடைசியில் சொன்னதுதான் பெரிசு.

2001-ல் தமிழக அரசு பள்ளி மாணவிகளுக்கு இலவச சைக்கிள் கொடுக்க ஆரம்பித்தது. முதலில் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவிகள், பிறகு படிப்படியாக அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளின் பதினோராம் வகுப்பு மாணவ மாணவிகள் எல்லோருக்கும் விரிந்தது. வருஷத்துக்கு லட்சக்கணக்கில் சைக்கிள். நல்ல திட்டம், சந்தேகமே இல்லை. ஆனால் மைதானத்தில் மொத்தமாக, அவசரத்தில் பூட்டிய வண்டிகள். அதே நேரத்தில் அதைச் சரிபார்க்க வேண்டிய கடைகள் ஊரில் குறைந்துகொண்டே வந்தன. செயின் கழன்றால் மாட்ட ஆள் இல்லாத ஊரில், நாலு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஸ்கூலுக்குப் போகிற பொண்ணு மறுபடி பஸ்ஸுக்கோ அண்ணனுக்கோ காத்திருக்கிறாள். திண்ணையில் துருப்பிடித்துச் சாய்ந்து நிற்கும் அந்த வண்டிகளைப் பார்த்து 'ஓசியில் வந்தா அருமை தெரியாது' என்பார்கள். எனக்குக் கோபம்தான் வரும். ஒரு பாட்டம் பிராக்கெட் குண்டு மாற்ற எங்கே போவாள், அதைச் சொல்லுங்கள் முதலில்.

நம் குயிலாப்பாளையம் இந்த விஷயத்தில் கொஞ்சம் அதிர்ஷ்டக்கார ஊர். 1968 பிப்ரவரி 28-ல் பக்கத்தில் ஆரோவில் தொடங்கியதால் சைக்கிள் ஓட்டும் ஜனம் இங்கே குறையவில்லை. வெளிநாட்டுக்காரர்கள் கொண்டுவரும் வண்டியில் ஊசி மாதிரி மெலிந்த பிரெஸ்டா வால்வு இருக்கும். நம் ஊர்ப் பம்புகள் பலவும் அதற்கு நேரடியாகச் சேராது, நடுவில் ஒரு சின்னப் பித்தளை அடாப்டர் வேண்டும். அந்த அடாப்டரும், மஞ்சள் துருவேறிய காட்டர் பின்னும் ஒரே தகர டப்பாவில் கிடக்கும் கடை இருந்தால், அந்தக் கடைக்காரர் ரெண்டு உலகமும் பார்த்தவர் என்று அர்த்தம்.

நல்ல கடையை எப்படிக் கண்டுபிடிப்பது? பஞ்சர் ஒட்டும்போது பாருங்கள். தண்ணீரில் முக்கி ஓட்டையைக் கண்டுபிடித்து, உப்புத்தாளில் தேய்த்து (பெயரிலும் உப்பு!), சொல்யூஷன் தடவிக் காயவிட்டு ஒட்டுவார்கள். இதை எல்லோரும் செய்வார்கள். நல்லவர் டியூபைத் திரும்பப் போடும் முன் டயரின் உட்புறம் முழுக்க விரலால் தடவி முள்ளைத் தேடுவார். தேடாதவரிடம் நாளைக்கும் போக வேண்டியிருக்கும். காட்டர் பின்னை அடிக்கும்போது கிராங்குக்கு அடியில் முட்டுக் கொடுக்கிறாரா என்று பாருங்கள். கொடுக்காமல் அடித்தால் அத்தனை அடியும் உள்ளே இருக்கும் குண்டில் விழும். பார்ட் மாற்றினால் பழைய பார்ட்டைக் கையில் தருகிறவரை விட்டுவிடாதீர்கள்.

பிட்டிங் என்ற சொல்லுக்கு இப்போது இன்னொரு அர்த்தமும் வந்துவிட்டது, வண்டியை உடம்புக்குத் தக்கபடி அமைப்பது. ஈ.சி.ஆரில் ஞாயிற்றுக்கிழமை பறக்கிறவர்கள் இதற்குத் தனியாகப் பணம் கொடுக்கிறார்கள். 1967-ல் ஹாம்லி, தாமஸ் என்ற ரெண்டு பேர் ஆராய்ந்து சொன்ன கணக்கு சுலபமானது. கவட்டிலிருந்து தரைவரை உள்ள கால் நீளத்தை அளந்து 1.09-ஆல் பெருக்குங்கள். கீழே இறங்கிய பெடல் அச்சிலிருந்து சீட்டின் மேல்புறம் வரை அந்த உயரம் இருக்கட்டும். கால் நீளம் 75 சென்டிமீட்டர் என்றால் கிட்டத்தட்ட 82. நம் ஊரில் உட்கார்ந்தபடியே ரெண்டு காலும் தரையில் பட வேண்டும் என்று சீட்டை இறக்கிவிடுவதால்தான் முட்டி வலிக்கிறது. கடையில் சீட் பில்லரை ஏற்றச் சொன்னால் எந்தக் கடைக்காரரும் காசு கேட்க மாட்டார். பில்லரில் அடையாளக் கோடு இருந்தால் அதற்கு மேல் ஏற்ற வேண்டாம்.

பாக்கி இருப்பது உப்புக்காத்து. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், அதனால் மழை இல்லாத நாளிலும் இரும்பு நனைந்தபடியே இருக்கும். ரிம்மின் மெல்லிய குரோம் பூச்சில் ஒரு புள்ளி விழுந்தால் போதும், அங்கிருந்து பரவும். கம்பியின் நிப்பிள் துருவேறி இறுகிவிட்டால் அப்புறம் கோட்டமே எடுக்க முடியாது, கம்பியைத்தான் வெட்ட வேண்டும். வாரம் ஒரு தடவை துணியால் துடைத்து, மாதம் ஒரு தடவை செயினை மண்ணெண்ணெயில் கழுவிக் காயவிட்டு மெஷின் ஆயில் விடுங்கள். சமையல் எண்ணெய் வேண்டாம், பிசினாகி மண்ணைப் பிடித்துக்கொள்ளும். நிப்பிள்களுக்கும் ஒரு சொட்டு.

2017-ல் 12 சதவீதமாக இருந்த சைக்கிள் ஜி.எஸ்.டி.யை 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதமாகக் குறைத்துவிட்டார்கள், உதிரி பாகங்களுக்கும் சேர்த்து. அதனால் ஓவராயிலுக்குக் கொடுக்கும்போது குண்டு, கோன், கப் மூன்றையும் புதுசாகவே போடச் சொல்லுங்கள். சாயங்காலம் போகாதீர்கள், பைக்காரர்கள் கூட்டம் இருக்கும். காலையில் கடை திறந்ததும் போனால் அண்ணன் நிதானமாகக் கோட்டம் எடுத்துத் தருவார்.