எல்லையறியாப் பறவைகள்

திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரிக்குச் செல்லும் பெருவழி நெய்யாற்றின்கரையையும் பாறசாலையையும் கடந்து செல்கின்றது. பாறசாலைக்கு அப்பால், களியக்காவிளையில் தமிழகம் தொடங்குகின்றது. 1956 நவம்பர் 1ஆம் நாளுக்கு முன்னர் அங்கே மாநில எல்லை இல்லை. இருபுறமும் ஓராட்சியின் கீழ் இருந்தன.

மன்னராட்சி நடந்த 1933ஆம் ஆண்டில், திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களின் ஆதரவுடன் சலீம் அலி என்னும் அறிஞர் இந்நிலப்பகுதியின் பறவைகளை ஆராய்ந்தார். மறையூர், தென்மலை, கன்னியாகுமரி முதலிய இடங்களில் முகாமிட்டு, இன்ன இடத்தில் இன்ன நாளில் இன்ன பறவை காணப்பட்டது எனக் குறித்து வைத்தார். வலசைப் பறவைகள் பருவத்தில் வந்து பருவத்தில் போவன. ஆதலின் நாள் குறிக்கப்படாத குறிப்பினால் பயன் குறைவே. அவ்வாராய்ச்சியின் பயனாக 1953இல் ஒரு நூலும் வெளிவந்தது.

அக்குறிப்புகளின் அருமை பின்னரே முழுமையாக விளங்கிற்று. 2009இல் கேரள ஆய்வாளர்கள் அவ்விடங்களுக்கே, அதே பருவங்களில் சென்று மீண்டும் கணக்கெடுத்தனர்.

இதற்கிடையில் தென்கேரளத்து வயல்கள் பல மரச்சீனித் தோட்டங்களாகவும் வீட்டு மனைகளாகவும் மாறிவிட்டன. எஞ்சிய நெல்வயல்களையும் நீர்நிலைகளையும் காக்கக் கேரளம் 2008இல் சட்டம் இயற்றியது. ஆயினும், இழந்தது இன்னதென அறியாமல் எதனை மீட்பது? அதனைச் சொல்ல வல்லது பழைய பதிவே.

வெளிமாநிலங்களில் வாழும் நாம் விடுமுறையில் ஊர் திரும்பும்போது, நம் குளத்திற்கு எம்மாதத்தில் எப்பறவை வந்தது என முதியோரிடம் கேட்டு எழுதி வைப்போமாக. நாளை அக்குளத்தைச் சீர்செய்ய முன்வருவோர்க்கு அவ்வேடு வழிகாட்டும்.