டயரின் ஆயுளும் திருகோணமலைத் துறைமுகமும்

புதிதாக வாங்கிய மோட்டார் வண்டியைச் சுற்றிப் பார்ப்போர் அதன் நிறத்தைப் புகழ்வர். இருக்கைகளின் மென்மையை வியப்பர். நிலத்தைத் தொட்டு நிற்கும் டயர்களைக் குனிந்து நோக்குவோர் சிலரே. ஆயினும் வண்டியின் பாரமும், அதில் அமர்ந்திருப்போரின் உயிரும் அந்த நான்கு டயர்களையே நம்பியிருக்கின்றன. டயரின் உறுதி வல்லரசுகளுக்கே பெருங்கவலையாயிருந்த காலம் ஒன்று உண்டு. அக்காலத்தின் வரலாற்றில் திருகோணமலைக்கும் இடமுண்டு.

இறப்பர் பால் இயல்பில் நிலையற்றது. உறைந்த பாலிலிருந்து கிடைக்கும் இறப்பர் வெயிலில் இளகும். குளிரில் இறுகி வெடிக்கும். 1839ஆம் ஆண்டில் அமெரிக்கரான சார்ள்ஸ் குட்இயர் அதனைக் கந்தகத்துடன் சேர்த்துச் சூடேற்றி உறுதிப்படுத்தும் வழியைக் கண்டார். 1876இல் கியூ பூங்காவிலிருந்து வந்த இறப்பர்க் கன்றுகள் இலங்கையின் ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நாட்டப்பெற்றன. 1888இல் டன்லொப் என்பார் காற்றடைத்த டயருக்கு உரிமம் பெற்றார். பின்னர்க் கரித்தூளைக் கலந்தபோது டயர் விரைவில் தேயாத வலிமை பெற்றது.

இரண்டாம் உலகப் போர் மூண்டது. 1942 பெப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. மலாயாவும் கிழக்கிந்தியத் தீவுகளும் யப்பானியர் வசமாகவே, நேச நாடுகளுக்குக் கிடைத்து வந்த இயற்கை இறப்பரில் பத்தில் ஒன்பது பங்கு அற்றுப்போயிற்று. அமெரிக்காவில் டயருக்குப் பங்கீடு வந்தது. டயர் தேயாதிருக்கும் பொருட்டு, மணிக்கு 35 மைலுக்கு மேல் வண்டி ஓட்டலாகாது என்ற கட்டுப்பாடும் பிறந்தது. எஞ்சிய பெரிய இறப்பர் நாடு இலங்கையே.

திருகோணமலையின் வறண்ட நிலத்தில் இறப்பர் மரம் வளர்வதில்லை. அது களுத்துறை, கேகாலை, இரத்தினபுரி முதலிய மழை மிகுந்த மாவட்டங்களுக்கு உரியது. ஆயினும் அம்மரங்களுக்கும் உலகச் சந்தைக்கும் இடையே கிடந்த கடலைக் காத்த தளங்களுள் திருகோணமலை தலையாயது. 1942 ஏப்ரல் 5இல் கொழும்பும், 9இல் திருகோணமலையும் யப்பானிய விமானங்களின் தாக்குதலுக்கு உள்ளாயின. துறைமுகத்திலும் சீனக்குடா விமானத்தளத்திலும் குண்டுகள் விழுந்தன. அன்றே ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியது. ஆயினும் தீவு பகைவர் கைப்படவில்லை, இறப்பரும் கப்பலேறிக்கொண்டேயிருந்தது.

இதற்கிடையில் அமெரிக்கர் பெற்றோலியத்திலிருந்தும் மதுசாரத்திலிருந்தும் செயற்கை இறப்பரைப் பெருவாரியாக உண்டாக்கினர். சிறிய வண்டிகளுக்கு அது போதுமானதாயிற்று. பெரும் பாரம் ஏற்றிய லொறியிலோ, அத்தகைய டயர் உள்ளே மிகுதியாகச் சூடேறிச் சிதைந்தது. ஆகவே கனத்த டயர்களுக்கு இயற்கை இறப்பரைக் கலப்பது இன்றியமையாததாயிற்று. இன்றும் விமான டயர்களில் இயற்கை இறப்பரே மிகுதி.

அந்த உறுதிக்கு விலை கொடுத்தவை மரங்கள். போர்க்காலத் தேவைக்காக, மரத்தின் நாளைய வாழ்வைக் கருதாது பட்டையைச் சீவிப் பால் எடுத்தனர். ஒரு கன்று பால் வெட்டும் பருவத்தை அடைய ஆறேழு ஆண்டுகள் செல்லும். அழிப்பதற்கோ சில மாதங்கள் போதும். 1952இல் சீனாவுடன் அரிசி-இறப்பர் உடன்படிக்கை செய்துகொண்ட நாடு, 1953இல் மறுநடுகைக்கு மானியம் வழங்கத் தொடங்கியது. 1960களில் சோவியத் உதவியுடன் களனியில் டயர்த் தொழிற்சாலையும் எழுந்தது.

மரங்களோடு மனிதரும் விலை கொடுத்தனர். வைகறையில் வெட்டுக்கத்தியுடன் மரத்தடிக்குச் சென்றவருள் சிங்களக் கிராமத்தவரும் இருந்தனர்; இந்திய வமிசாவளித் தமிழரும் இருந்தனர். போரிலே உலகின் சில்லுகள் சுழல உழைத்த அத்தமிழருட் பெரும்பாலோர், 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோர் ஆயினர். அக்குறை தீரப் பல பத்தாண்டுகள் சென்றன.

டயரின் தரத்தை அளக்க, அது ஓடிய மைல்களைக் கணக்கிடுவது வழக்கம். அம்மைல்களுக்கு முன்னே ஒரு மரம் வளரக் காத்திருந்த ஆண்டுகள் உண்டு. பட்டையைக் காயப்படுத்தாது வெட்டிய கையின் பக்குவமும் உண்டு. மரத்தையும் கையையும் பேணாத நாடு, நீடித்து உழைக்கும் டயரை நெடுங்காலம் பெற இயலாது.