அறுபடும் மின்னோட்டம்: தூண்டு சுருளின் வரலாறு

வோல்டா தம் மின்கல அடுக்கை 1800இல் அறிவித்த பின்னர் இடைவிடாத மின்னோட்டம் அறிவியலாளர்களின் கைக்கு எட்டியது. எனினும், ஒரு கலம் தந்த மின்னழுத்தம், அதாவது மின்னோட்டத்தை உந்திச் செலுத்தும் அழுத்தம், ஏறத்தாழ ஒரு வோல்ட் அளவிலேயே நின்றுவிட்டதால், மின்பொறி ஒரு மில்லிமீட்டர் காற்றைத் தாண்டுவதற்கே சில ஆயிரம் கலங்கள் தேவைப்பட்டன. இத்தடையை அகற்றிய கருவி தூண்டு சுருள் ஆகும்.

அதற்கு அடிப்படையான உண்மையை மைக்கேல் ஃபாரடே 1831 ஆகஸ்டில் கண்டார். இரும்பு வளையம் ஒன்றில் அவர் சுற்றிய இரு கம்பிச் சுருள்களுள் ஒன்றை மின்கலத்தோடு இணைத்த கணத்திலும் துண்டித்த கணத்திலும் மட்டுமே மற்றதில் மின்னோட்டம் தோன்றியது. மின்னோட்டம் சீராக ஓடிய நேரத்திலோ எதுவும் நிகழவில்லை. காந்தப்புலம் மாறினால்தான் அருகிலுள்ள சுருளில் மின்னழுத்தம் எழும். மாற்றம் எவ்வளவு விரைவாக நிகழ்கிறதோ, சுற்றுகள் எவ்வளவு மிகுதியோ, அவ்வளவுக்கு அவ்வழுத்தமும் உயரும். ஆகவே தூண்டு சுருளின் வரலாறு, பார்வைக்குக் கம்பி சுற்றும் கலையின் வரலாறாகத் தோன்றினாலும், உண்மையில் மின்னோட்டத்தை விரைந்து அறுக்கும் கலையின் வரலாறே ஆகும்.

அயர்லாந்தின் மேனூத் நகரிலுள்ள புனித பாட்ரிக் கல்லூரியில் இயற்பியல் கற்பித்த கத்தோலிக்கக் குருவான நிக்கோலஸ் கேலன், 1836இல் தேனிரும்புத் தண்டின் மேல் தடித்த கம்பியையும் மெல்லிய நீண்ட கம்பியையும் சுற்றி, தடித்த கம்பியாகிய முதன்மைச் சுருளில் ஓடிய மின்னோட்டத்தைத் துண்டித்தபோது, மெல்லிய கம்பியாகிய துணைச் சுருளின் முனைகளில் பேரழுத்தம் எழுந்தது. இணைத்தலையும் துண்டித்தலையும் இடையறாது நிகழ்த்துவதற்குக் கடிகாரப் பொறியமைப்பைக் கொண்டு கம்பி முனையைப் பாதரசத்தில் தோய்த்து எடுக்கும் கருவியையும் அவர் அமைத்தார். அமெரிக்காவில் சார்லஸ் கிராஃப்டன் பேஜ் அதே ஆண்டில் தனி வழியில் இத்தகைய விளைவை அடைந்தார். இரும்புத் தண்டின் காந்த விசையே சிறு சுத்தியலை இழுத்து இணைப்பைத் துண்டிப்பதும், காந்தம் தளர்ந்ததும் சுத்தியல் திரும்பி மீண்டும் இணைப்பதுமான தானியங்கு முறை விரைவில் வந்தது.

இருப்பினும், துண்டிக்கும் முனைகளுக்கிடையே எழுந்த தீப்பொறி மின்னோட்டம் சட்டென அறுபடாமல் தடுத்ததோடு, முனைகளையும் அரித்தது. 1853இல் பிரெஞ்சு இயற்பியலாளர் ஃபிஸோ அவ்விடத்தில் மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும் மின்தேக்கியை இணைத்தார்; தீப்பொறியாகச் சென்றிருக்க வேண்டிய மின்னூட்டம் அதனுள் புகவே, மின்னோட்டம் பெருவிரைவில் நின்று, துணைச் சுருளின் அழுத்தம் பன்மடங்கு உயர்ந்தது. இக்கருவியின் வளர்ச்சியில் இதற்கு இணையான திருப்பம் வேறில்லை.

ஹானோவரில் பிறந்து பாரிஸில் கருவிப் பட்டறை நடத்திய ஹைன்ரிஷ் ரும்கார்ஃப், மின்கசிவைத் தடுக்கும் உறைகளைச் செம்மைப்படுத்தி நம்பகமான சுருள்களை விற்பனைக்குக் கொண்டுவந்தார். மூன்றாம் நெப்போலியன் நிறுவிய 50,000 பிராங்க் வோல்டா பரிசு 1864இல் அவருக்கு வழங்கப்பட, கருவியும் அவர் பெயராலேயே வழங்கலாயிற்று. கேலன் அவ்வாண்டுத் தொடக்கத்தில் காலமானார். ரும்கார்ஃபின் கைத்திறம் போற்றத்தக்கதே. ஆயினும் முதல் வழியைத் திறந்தவர் கேலன் என்பதைப் பாடநூல்கள் நெடுங்காலம் மறந்தது நியாயமன்று.

1887இல் ஹெர்ட்ஸ் மின்காந்த அலைகளை எழுப்பியதும், 1895இல் ரோன்ட்கன் எக்ஸ் கதிர்களைக் கண்டதும், ஜகதீச சந்திர போஸ் கல்கத்தாவில் மில்லிமீட்டர் அலைகளை ஆராய்ந்ததும் இச்சுருளின் துணையால்தான். இன்றைய பெட்ரோல் காரின் இக்னிஷன் காயில் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து பல்லாயிரம் வோல்ட்டைப் பெறுவதும் அதே முறையில்தான். மின்னோட்டத்தை அறுக்கும் வேலையை மட்டும் இப்போது டிரான்சிஸ்டர் செய்கிறது.