டிஎஃப்பும் டியூவும்: ஒரு வங்கிக்காரன் பார்வையில்

பி.காம் படித்துவிட்டு வங்கியில் குப்பை கொட்டுகிறவனுக்கு யூனிக்ஸ் கட்டளைகளின் வரலாறு எதற்கு என்று கேட்கலாம். கேளுங்கள், தப்பில்லை. டிஸ்க்கில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்க்க இரண்டு கட்டளைகள் உண்டு: டிஎஃப், டியூ. அவற்றைப் பார்க்கும்போது எனக்கு ஞாபகம் வருவது கம்ப்யூட்டர் இல்லை, லெட்ஜர் பேலன்சிங்.

பழைய கிளைகளில் வேலை பார்த்த பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஜெனரல் லெட்ஜரில் சேமிப்புக் கணக்கு மொத்தம் என்று ஒரே ஒரு தொகை இருக்கும். தனித்தனிக் கணக்குப் பக்கங்களைப் புரட்டிக் கூட்டினாலும் அதே தொகை வரவேண்டும். வராது :-) ராத்திரி வரைக்கும் உட்கார்ந்து தேடுவார்கள். வித்தியாசம் 9-ஆல் வகுபட்டால் எங்கோ 54-ஐ 45 என்று எழுதியிருக்கிறார்கள் என்று சந்தேகப்பட வேண்டும். இது கமர்ஸ்காரன் தாய்ப்பாலோடு குடிக்கிற பாடம்.

டிஎஃப் அந்த ஜெனரல் லெட்ஜர். ஃபைல் சிஸ்டம் தானே எழுதி வைத்திருக்கும் மொத்தத்தை அப்படியே எடுத்துச் சொல்லும், அதனால் கண்மூடித் திறப்பதற்குள் பதில் வரும். டியூ ஒவ்வொரு டைரக்டரியாக உள்ளே இறங்கி, ஒவ்வொரு ஃபைலாகக் கூட்டும். நேரம் பிடிக்கும். இரண்டும் 1971 நவம்பர் 3 தேதியிட்ட யூனிக்ஸ் முதல் பதிப்புக் கையேட்டிலேயே இருக்கின்றன. கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் பெல் லேப்ஸில் உட்கார்ந்து எழுதியது. அதே கையேட்டில் 'செக்' என்றும் ஒரு கட்டளை உண்டு. உபயோகத்தில் இருக்கும் பிளாக்குகளையும் காலி என்று பதிவான பிளாக்குகளையும் ஒப்பிட்டுக் குற்றம் கண்டுபிடிக்கும். அதாவது ஆடிட்டர். ஆக முதல் நாளிலேயே ஜெனரல் லெட்ஜர், துணை லெட்ஜர், இன்ஸ்பெக்‌ஷன் மூன்றும் வைத்துத்தான் கடை திறந்திருக்கிறார்கள்.

அத்தனை கவனம் ஏன்? இடமே இல்லை, அதுதான் காரணம். அவர்கள் வைத்திருந்த கழற்றி மாட்டும் டிஸ்க் ஒன்றின் கொள்ளளவு சுமார் 2.5 மெகாபைட். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு போட்டோ அதில் அடங்காது. சிஸ்டம் வளர்ந்து முதல் டிஸ்க் நிரம்பியதும், பயனாளர்களின் ஃபைல்கள் இருந்த இரண்டாவது டிஸ்க்குக்கு, அதாவது யூஎஸ்ஆருக்கு, வழிய விட்டார்கள். இன்றும் லினக்ஸில் பாதி நிரல்கள் 'யூசர்' என்ற பெயருள்ள டைரக்டரியில் குடியிருப்பதன் பின்கதை இதுதான். வாடகைக்கு வந்தவர் வீட்டுக்காரர் ஆன கதை.

கணக்கிடும் அலகு 512 பைட் பிளாக். பிற்பாடு போசிக்ஸ் தரநிர்ணயம் அதையே சட்டமாக்கியபோது ரிச்சர்ட் ஸ்டால்மனுக்குக் கோபம். மனுஷன் 1024-தான் பார்ப்பான் என்று குனூ டியூவை அப்படியே வைத்து, 512 வேண்டுகிறவர்கள் போட்டுக்கொள்ள ஒரு மாறியையும் வைத்தார். அதன் ஆரம்பப் பெயரை இங்கே தமிழ்ப்படுத்த முடியாது, ஹிஹி. தரத்துக்கு 'போசிக்ஸ்' என்று பெயர் யோசித்துக் கொடுத்தவரும் அவரேதான்.

சரி, விஷயத்துக்கு வருவோம். வங்கிக்காரனுக்கு ருசிக்கும் இடம், டிஎஃப்பும் டியூவும் ஒத்துப்போகாத இடம்.

1980களில் பெர்க்லி யூனிக்ஸ்காரர்கள் டிஸ்க்கில் 10 சதவீதத்தை ஒதுக்கி வைத்து, நிர்வாகி தவிர யாரும் தொடக்கூடாது என்றார்கள். 1993-ல் வந்த லினக்ஸின் எக்ஸ்ட்2 அதை 5 ஆக்கியது. எங்கள் பாஷையில் சிஆர்ஆர்! டெபாசிட் இருக்கும், கடன் கொடுக்க முடியாது. ஐனோடு தீர்ந்துபோவது இன்னொரு வகை: கணக்கில் பணம் இருக்கிறது, செக் புத்தகத்தில் இலை இல்லை. வெற்றிடம் விட்டு எழுதிய ஃபைல் இருக்கிறதே, அது ஓவர்டிராஃப்ட். எல்எஸ் காட்டுவது சாங்ஷன் ஆன லிமிட், டியூ காட்டுவது எடுத்த தொகை.

இருப்பதிலேயே விஷமம் பிடித்தது, அழித்த ஃபைல். ஒரு நிரல் திறந்து வைத்திருக்கும் லாக் ஃபைலை நீங்கள் அழித்தால், டைரக்டரியில் பெயர் போய்விடும். டியூவுக்கு அது கண்ணில் படாது. ஆனால் அந்த நிரல் கையை விடும் வரை இடம் திரும்பி வராது. டிஎஃப் 'நிரம்பிவிட்டது' என்று கத்திக்கொண்டே இருக்கும். கரியாஹாட்டில் குடியிருப்பவனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1996 நவம்பரில் 'ஆபரேஷன் சன்ஷைன்' என்று இங்குள்ள நடைபாதைக் கடைகளை எல்லாம் அரசு அகற்றியது. காகிதத்தில் நடைபாதை காலி. பிழைப்பை யார் விடுவார்கள்? கடைகள் திரும்பி வந்தன. இன்று நைட்டிக்கும் செருப்புக்கும் நடுவே ஒருக்களித்துத்தான் நடக்கிறேன். யாரையும் குறை சொல்லவில்லை, நானும் அங்கேதான் வாங்குகிறேன்.

இந்த ஊருக்கும் கம்ப்யூட்டருக்கும் உள்ள உறவே விசித்திரம். நாட்டின் முதல் கம்ப்யூட்டர்களில் ஒன்றான ஹெச்இசி-2எம் 1955-ல் வந்து இறங்கியது இங்கே பராநகரில், மகலநோபிஸின் இந்தியப் புள்ளியியல் கழகத்துக்கு. நினைவகம் 1024 சொற்கள் கொண்ட ஒரு காந்த டிரம். பத்து வருஷம் கழித்து, 1960களின் பிற்பகுதியில், எல்ஐசி தன் இலாகோ ஹவுஸ் கட்டடத்தில் கம்ப்யூட்டர் வைக்கப் பார்த்தபோது ஊழியர்கள் இரவு பகலாகக் காவல் நின்று தடுத்ததும் இதே ஊர்தான். இங்கே பழக்கமான ஓய்வு பெற்ற வங்கி ஊழியர் தாதா ஒருவர் (தாதா என்றால் அண்ணன், நம்மூர் அர்த்தம் எடுக்காதீர்கள்) அந்தப் பயத்தைப் பற்றிச் சொல்வார்: "பேலன்சிங் பண்ணுகிறவனுக்குச் சம்பளம் கொடுப்பதே வித்தியாசம் வருவதால்தான். மெஷின் வித்தியாசமே வரவிடாது என்றால் நான் எதற்கு?" இதைப் பழமைவாதம் என்று சிரிக்க எனக்கு மனசு வரவில்லை.

வங்கிகளில் 1983, 1987, 1993 என்று தொழிற்சங்க ஒப்பந்தங்கள் போட்டுப் போட்டுத்தான் மெஷின் உள்ளே வந்தது. 1984, 1989 ரங்கராஜன் குழு அறிக்கைகள் வழி போட்டுக் கொடுத்தன. 90களில் கிளைக்கு ஒரு சர்வர், பெரும்பாலும் யூனிக்ஸ் வகை. நான் சேர்ந்த காலத்தில் தமிழ்நாட்டுக் கிளையில் டே-எண்ட் ஓட்டுமுன் டிஎஃப் தட்டிப் பார்ப்பது அதிகாரியின் சடங்கு. இடம் போதாவிட்டால் டே-எண்ட் நடுவில் நிற்கும், மறுநாள் காலை கவுண்டர் திறக்காது, வாசலில் பென்ஷன் வாங்க வந்த பெரியவர்கள் நிற்பார்கள். மிச்சமிருக்கும் பிளாக் எத்தனை என்பது அன்று வெறும் எண் இல்லை.

கோர் பேங்கிங் வந்ததும் சர்வர் எங்கோ டேட்டா சென்டருக்குப் போய்விட்டது. கிளையில் யாரும் டிஎஃப் தட்டுவதில்லை. பேலன்சிங் என்றால் என்ன என்று புதுப் பையன்கள் கேட்கிறார்கள். ஆனாலும் தினமும் சாயங்காலம் கேஷியர் நோட்டை எண்ணி, ஸ்கிரீனில் இருக்கும் ரொக்க இருப்போடு ஒத்துப் பார்த்துத்தான் பெட்டகத்தைப் பூட்டுகிறார். ஸ்கிரீன் டிஎஃப், மேஜை டியூ. துர்கா பூஜைக்கு முந்தைய வாரங்களில் கரியாஹாட் புடவைக்கடைக்காரர்கள் கட்டுகிற பணத்தை எண்ணி முடிக்க மணி எட்டாகிறது.