கடற்கரையிலிருந்து பனி ஏரிக்கு... ஹேம்குண்ட் கிளம்பும் முன் இதைப் படிங்க!

ராமேஸ்வரம் தீவிலேயே உயரமான இடம் எதுன்னு கேட்டா, ராமர் பாதம் இருக்கும் கந்தமாதன பர்வதத்தைக் காட்டுவோம். அது சின்ன மேடுதான். ராமரின் தம்பி லட்சுமணன் தவமிருந்ததாக நம்பப்படும் ஹேம்குண்ட் ஏரியோ, உத்தரகாண்டில் 4,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. லட்சுமணன் கோயிலும் சீக்கியர்களின் குருத்வாராவும் ஒரே கரையில்!

பத்ரிநாத் போகிற வழியில் கோவிந்த்காட்டில் இறங்கணும். அங்கிருந்து மலைப்பாதையில் காங்கரியா. அதன் உயரமே 3,000 மீட்டருக்கு மேல். அடுத்த 6 கி.மீ-தான் நெட்டுக்குத்தான ஏற்றம். மே கடைசியில் பாதை திறக்கும்போது மேலே பனி மூடியிருக்கும், ஏரியும் உறைந்திருக்கும். இரவு தங்க அனுமதியில்லை. அதனால் விடியற்காலையில் ஏறி, அன்றே இறங்கிடணும்.

'தனுஷ்கோடி மணல்ல நடந்த காலுங்க இது'ன்னு தெம்பா இருக்கீங்களா? சிக்கல் கால்ல இல்லை, மூச்சுல. அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் சுமார் 60 சதவிகிதம்தான். ஒவ்வொரு மூச்சிலும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறையும்.

என்ன செய்யலாம்?

* காங்கரியாவில் கூடுதலாக ஒரு நாள் தங்குங்க. உடம்பு பழகும்.
* இதய, நுரையீரல் பிரச்னை இருந்தால் ஊரிலேயே டாக்டரைக் கேளுங்க.
* பிடிமானமுள்ள ஷூ, ஊன்றுகம்பு, ரெயின்கோட் கட்டாயம்.
* தலைவலியோடு வாந்தி, தள்ளாட்டம், உட்கார்ந்திருந்தாலும் மூச்சிரைப்பு வந்தால் உடனே கீழே இறங்குங்க. 'இன்னும் கொஞ்ச தூரம்தானே'ன்னு ஏறுவது உயிருக்கே ஆபத்து.

ஏரி எங்கேயும் போயிடாது. அடுத்த வருஷமும் பார்த்துக்கலாம்!