மொறிஸ் மைனரின் கண் மேலே போன கதை

யாழ்ப்பாணத்துப் பழைய கார்களைப் பற்றி எழுதுகிற ஆட்கள் பெரும்பாலும் இஞ்சினைப் பற்றித்தான் எழுதுவினம். மண்ணெண்ணெயில் ஓடின கதை, ஹான்டில் போட்டுச் சுத்தின கதை. நல்ல கதைகள்தான். ஆனால் அந்தக் கார்களின்ர முகத்தில் இருக்கிற ரெண்டு வட்ட விளக்குக்கும் ஒரு வரலாறு இருக்குது. அது கலிபோர்னியா வரை போய் வருகிற வரலாறு.

மொறிஸ் மைனர் முதன்முதலாக 1948இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சிக்கு வந்தபோது அதன்ர ஹெட்லைற் ரெண்டும் கீழே, முன் கிறிலுக்குள்ளே பதுங்கியிருந்தன. அலெக் இஸிகோனிஸ் அதை அப்படித்தான் வரைந்தார். எங்களுக்கு அந்தப் படத்தைப் பார்த்தால் வேற கார் மாதிரித்தான் தெரியுது. போர் முடிந்த பிரித்தானியாவுக்கு அப்போது டொலர் வேணும். ஏற்றுமதி செய்கிற கம்பனிக்குத்தான் உருக்குப் பங்கீடு தாராளமாகக் கிடைத்தது. அமெரிக்காவிலோ விளக்கு தரையிலிருந்து குறித்த உயரத்துக்குக் கீழே இருக்கக் கூடாது எண்டு விதி. 1949இல் அமெரிக்காவுக்குப் போன மைனர்களின் விளக்கு மட்டும் மட்காட்டுக்கு மேலே ஏறியது. 1951 தொடக்கத்துக்குள் எல்லா மைனருக்கும் அதே முகம். எங்கட அப்பப்பாமார் ‘மைனர்’ எண்டு அடையாளம் காட்டுகிற அந்த முழித்த கண், கடலுக்கு அங்கால யாரோ எழுதின ஒரு விதியால் வந்தது.

அந்தக் கண்ணின்ர அளவு ஏழு அங்குலம். அதுவும் அமெரிக்காவோடு சம்பந்தப்பட்ட கதைதான். 1930களில் அங்கே கம்பனிக்கொரு விளக்கு, மாநிலத்துக்கொரு சட்டம். வெள்ளிப்பூச்சுப் போட்ட உட்கிண்ணத்துக்குள் தூசியும் ஈரமும் போய், கொஞ்சக் காலத்திலேயே வெளிச்சம் மங்கிவிடும். 1940ஆம் ஆண்டு மொடல்களிலிருந்து ‘சீல்ட் பீம்’ வந்தது: கண்ணாடி, கிண்ணம், இழை மூன்றும் ஒரே மூடிய துண்டு, ஏழு அங்குல வட்டம், எல்லாக் காருக்கும் அதுவே. 1957 வரை அங்கே வேற வடிவமே இல்லை. காருக்கேற்ற வடிவத்தில் விளக்குச் செய்ய 1983இல்தான் விதி இடம் விட்டது. வடிவமைப்பாளர்களுக்கு இது பெரிய தலையிடி. பழுதுபார்க்கிற ஆளுக்கோ வரம். இழை போனால் முழு விளக்கையும் எறிய வேணும், உண்மை. ஆனால் எந்தக் கடையில் வாங்கினாலும் பொருந்தும். பிரித்தானிய லூக்காஸ் விளக்குகளும் இதே ஏழு அங்குலத்துக்கு வந்து சேர்ந்தன. மொறிஸ் ஒக்ஸ்போர்ட்டிலிருந்து பிறந்து 2014 வரை இந்தியாவில் செய்யப்பட்ட அம்பாசடருக்கும் அதே அளவுதான்.

இந்த ஒற்றுமையின் பெறுமதி இலங்கையில்தான் தெரிந்தது எண்டு நாங்கள் நினைக்கிறோம். 1960களில் அந்நியச் செலாவணி முடை. புதுக் கார் இறக்குமதி சுருங்கி, இருக்கிறதை வைத்து ஓட்டுகிற பழக்கம் வந்தது. 1977க்குப் பிறகு கதவு திறந்து ஜப்பான் கார்கள் இறங்கின. 1990இலிருந்து வடக்குக்கு மட்டும் கதவு திரும்பவும் அடைபட்டது: பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை, கரண்ட் இல்லை. ஏ40யும் மைனரும் ஹான்டிலில் ஸ்ராட் ஆகக்கூடிய கார்கள், அதால தப்பின. விளக்கு வேற விசயம். அந்தக் கார்களில் இருக்கிறது டைனமோ. இஞ்சின் மெதுவாகச் சுத்தினால் அது பெரிசாக ஒண்டும் தராது. நல்ல பற்றரி இல்லாவிட்டால், சந்தியில் நிற்கும்போது வெளிச்சம் மெழுகுதிரி அளவுக்கு இறங்கிவிடும். விளக்கு எரிந்தாலும் பிளேனுக்குப் பயந்து அணைத்துவிட்டு ஓட்டினதாகப் பெரியாக்கள் சொல்லுவினம். இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியாவும் விளக்குகளை மூடி ஓட்டியது. 1938இல் 6,648 ஆக இருந்த வீதி மரணம் 1941இல் 9,169. ரோட்டில் கார் குறைந்த காலத்தில் கூடின தொகை அது. அங்கே அதை எண்ணி எழுதி வைத்திருக்கினம். எங்கட இருட்டில் கிடங்குக்குள் விழுந்த ஆட்களின் கதை திண்ணைகளில்தான் கிடக்குது.

இப்ப அந்தக் கார்களைத் திருத்தி எடுக்கிற எங்கட வயசுப் பெடியள் கன பேர். அவைக்காகக் கொஞ்சம் விபரமாகவே சொல்லுறம். வெளிச்சம் மங்கல் எண்டவுடனே விளக்கை மாத்தாதையுங்கோ. முதல்ல ஏர்த் வயரைப் பாருங்கோ. கறள் பிடித்த இணைப்பில் மின்னழுத்தம் பத்து வீதம் குறைந்தாலே வெளிச்சம் முப்பது வீதமளவு போய்விடும். பழைய கார்களில் ஹெட்லைற்றின் முழுக் கரண்டும் டாஷ்போட் சுவிச்சுக்குள்ளால போகிறதால அங்கேயும் நட்டம். ஒரு ரிலே போட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

மாத்தத்தான் வேணும் எண்டால், குரோம் வளையத்தைக் கழட்டினால் உள்ளே இரண்டு வகை ஸ்குரூ தெரியும். விளக்கை இறுக்கிப் பிடிக்கிற சின்ன ஸ்குரூக்கள் மூன்று. அதைவிட ஸ்பிரிங் போட்ட இரண்டு. மேலே இருக்கிறது வெளிச்சத்தை ஏத்தி இறக்கும், பக்கத்தில் இருக்கிறது இடம் வலம் திருப்பும். பழைய லைற்றைக் கழட்டேக்க இந்த இரண்டையும் தொடாமல் விட்டால் புதுசு கிட்டத்தட்டச் சரியான திசையிலேயே நிற்கும். பிறகு சமதரையில், சுவரிலிருந்து 25 அடி தள்ளி, ரயர் காற்றுச் சரி பார்த்து, சாரதி சீற்றில் ஒரு ஆளை இருத்தி, காரை ரெண்டு தரம் அமத்தி விடுங்கோ. விளக்கு மையத்தின் உயரத்தைச் சுவரில் கீறி, ஒன்றைத் துணியால் மூடி மற்றதைப் பார்க்க வேணும். டிம்மில் போட்டால் செறிந்த வெளிச்சம் அந்தக் கோட்டுக்குக் கொஞ்சம் கீழேயும் இடப்பக்கமும் விழ வேணும். இவ்வளவுதான் வேலை. ஆனால் நாற்பது வருசம் திருப்பாத ஸ்குரூ கையோடு முறிந்து வந்தால் அண்டைக்குப் பொழுது போச்சு. முதல் நாளே எண்ணெய் விட்டு ஊற விடுங்கோ.

பல்பை மட்டும் மாத்தக்கூடிய எச்4 கிண்ணங்களும் அதே ஏழு அங்குலத்தில் வருகுது. கறள் பிடித்த சீல்ட் பீமுக்குப் பதிலாக அதைப் போடுறதில் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை. அந்தக் கிண்ணத்துக்குள் மலிவான எல்.ஈ.டி பல்பைச் சொருகுறதுதான் பிரச்சினை. கிண்ணமும் கண்ணாடியின் கோடுகளும் இழை இருக்கிற அந்த ஒரு புள்ளியைக் கணக்கில் வைத்துச் செய்தவை. வெளிச்சம் வேற இடத்திலிருந்து புறப்பட்டால் எந்த ஸ்குரூவைத் திருப்பியும் அதை அடக்க ஏலாது. முன்னால் சைக்கிளில் வாற ஆளுக்குக் கண் இருண்டு போகும்.

வாங்க முதல் கண்ணாடியை முன்னுக்கு நிண்டு பாருங்கோ. ஐரோப்பிய முறையில் முத்திரை போட்ட விளக்கில் உங்கட வலக்கைப் பக்கம் காட்டுகிற ஒரு அம்பு இருந்தால் அது எங்களைப் போல இடப்பக்கம் ஓட்டுகிற நாட்டுக்குச் செய்தது. அம்பு இல்லாவிட்டால் வலப்பக்கம் ஓட்டுகிற நாட்டுக்கு. அதை இஞ்ச பூட்டினால் டிம் போட்டாலும் எதிரில் வாற ஆளின்ர முகத்துக்குத்தான் அடிக்கும்.